பசு மாடு படுத்திருக்கும் கடற்கரை

வட அயர்லாந்தில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போனபோது, அந்நாட்டின் வடக்குக் கடலோரத்தைப் பார்த்து வந்தேன். 'ஜயண்ட்ஸ் காஸ்வே'யில் சுமார் 40 ஆயிரம் கருங்கல் தூண்கள். எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது, காய்ந்த வயல் வெடிப்பது போல வெடித்ததாம். பெரும்பாலும் ஆறு பட்டை. ஆசாரி அளந்து செதுக்கியது மாதிரி!

எனக்குப் பிடித்தது பக்கத்திலுள்ள 'ஒயிட் பார்க் பே'தான். மேட்டிலிருந்து இறங்கினால் வெளிர் மணல். அதில் பசுக்கள் ஹாயாகப் படுத்து அசை போடுகின்றன. ஆனால், அங்கே குளிப்பது ஆபத்து.

"பாட்டி, அதோ அங்க அலையே இல்ல. அங்க குளிக்கலாமே" என்றான் பேரன். மகள் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரிகிறதே, பல சமயம் அந்த வழியாகத்தான் கரைக்கு வந்த தண்ணீர் வேகமாக உள்ளே திரும்புமாம். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். நம் ஊர்க் கடலிலும் இதே கதைதான். அலை இல்லையே என்று பிள்ளைகளை இறக்கி விடாதீங்க தோழிகளே!

குளிக்க ஆசைப்பட்டால் போர்ட்ஸ்டூவர்ட் கடற்கரை இருக்கிறது. கோடையில் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். சிவப்பு - மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்கணும். மணல் வரைக்கும் காரே போகிறது. என்னைப் போன்ற முட்டி வலிக்காரிகளுக்கு ரொம்ப வசதி. கோடையிலும் காற்று சில்லென்று அடிக்கும். ஸ்வெட்டரும், பிளாஸ்க்கில் டீயும் மறக்காதீங்க.

- ஒரு வாசகி, திருச்சி.