எண்ணும் வேண்டும், எழுத்தும் வேண்டும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில் நம் தெருக்களில் ஒரே பேச்சுதான். "பி.ஏ. படிச்சா வேலை கிடைக்குமா?" என்று அப்பா கேட்பார். "பி.காம்.னா கடை வெச்சிருக்கிறவங்க படிக்கிறதாச்சே, நமக்கு எதுக்கு?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வார். பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். வரலாறும் இலக்கியமும் பிடிக்கும், கணக்கும் வரும். ஆனால் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

கலையையும் வணிகத்தையும் சேர்த்துப் படிப்பது ஏதோ வெளிநாட்டுப் புதுமை என்று நினைக்க வேண்டாம். நம் முன்னோடிகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த வழியில் நடந்திருக்கிறார்கள். அதைச் சொல்ல அடையாறிலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம்.

ஊரூரில் தொடங்கிய பள்ளி

இன்றைக்கு பெசன்ட் நகர், அடையாறு என்றால் கடற்கரையும் பெரிய பெரிய வீடுகளும்தான் நினைவுக்கு வரும். 1882-ல் பிரம்மஞான சபை அடையாற்றில் தலைமையகம் அமைத்தபோது, சுற்றிலும் ஊரூர் போன்ற குடியிருப்புகள் இருந்தன. 1894-ல் அந்தச் சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் ஆதிதிராவிடக் குழந்தைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அன்றைய வழக்கில் அதற்குப் பஞ்சமர் பள்ளி என்று பெயர். அதைத் தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று வேறு பள்ளிகளும் வந்தன. முதல் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளியாக இன்றும் பெசன்ட் நகரில் நடக்கிறது.

அந்தப் பள்ளிகளின் முதல் வேலை எழுதப் படிக்கச் சொல்லித்தருவதும் கணக்குச் சொல்லித்தருவதும்தான். இது சின்ன விஷயமா? பண்ணையில் வேலை செய்த நம் பாட்டன் வாங்கிய நெல்லும் பட்ட கடனும் பண்ணையார் வீட்டுப் புத்தகத்தில் இருந்தன. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று கேட்கவும் முடியாது. கைநாட்டு வைத்துவிட்டு வர வேண்டியதுதான். எழுத்தும் கணக்கும் தெரியாததால் தலைமுறை தலைமுறையாகக் கடனிலேயே கிடந்தோம். ஆகவே நமக்கு எண்ணும் எழுத்தும் ஒருநாளும் தனித்தனியாக இருந்ததில்லை.

பத்திரிகை நடத்தக் கணக்கும் தெரிய வேண்டும்

பண்டிதர் அயோத்திதாசரை எழுத்தாளர், பௌத்த அறிஞர் என்று அறிவோம். 1898-ல் அவர் ஆல்காட்டுடன் இலங்கை சென்று திரும்பி, சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். ஒரு பைசா விலையில் வாராவாரம் பத்திரிகை கொண்டுவர எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. காகித விலை, அச்சுக்கூலி, தபால் செலவு, வந்த சந்தா, வராத சந்தா எல்லாவற்றையும் கணக்கிட்டால்தான் அடுத்த வார இதழ் வெளிவரும்.

அவருக்கும் முன்பே, 1893-ல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அவர் கோயம்புத்தூரில் படித்தவர். உடன் படித்த சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்ற அனைவரும் பிராமணர்கள் என்றும், தன் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி யாருடனும் நெருங்கிப் பழகாமல் இருந்ததாகவும் 1939-ல் வெளிவந்த தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். படிப்பு முடிந்ததும் அவர் பார்த்த வேலை என்ன? நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனத்தில் கணக்கர் வேலை. கணக்கெழுதிய அதே கைதான் பிறகு பத்திரிகை எழுதியது. 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் பக்கத்து நியாயத்தை எடுத்து வைத்தவரும் அவரே.

அண்ணல் படித்தது என்ன?

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதை என்றே பாடப்புத்தகம் சொல்கிறது. அவர் முதலில் படித்தது பொருளாதாரமும் அரசியலும். 1912-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டு சமூகவியல், வரலாறு, தத்துவம், மானுடவியல் என்று சேர்த்துப் படித்தார். 1915-ல் எம்.ஏ. பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வுகளில் ஒன்று பண்டைய இந்திய வணிகம் பற்றியது. இன்னொன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. ரூபாயின் சிக்கல் குறித்த அவரது நூல் 1923-ல் வந்தது. பணம் எங்கிருந்து வருகிறது, யாரிடம் போய்ச் சேருகிறது என்று கேட்டவர்தான் சாதியை ஒழிக்கவும் எழுதினார். அவருக்கு இந்த இரண்டும் ஒரே கேள்வி.

இங்கே நம் மாணவர்கள் மறக்கக் கூடாத ஒரு நிகழ்ச்சி உண்டு. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் நாடு திரும்பிய அண்ணல், பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று.

ஆனால் அவர் அத்துடன் வணிகத்தைக் கைகழுவவில்லை. 1918-ல் பம்பாய் சைடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். பேராசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு அங்கேயும் எதிர்ப்பு வந்தது. ஆனாலும் அவர் பாடம் நடத்தினார். மாணவர்கள் விரும்பிக் கேட்டார்கள். பின்னாளில் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1946-ல் பம்பாயில் சித்தார்த் கலை, அறிவியல் கல்லூரியைத் தொடங்கியது. 1953-ல் தொடங்கியது சித்தார்த் வணிகவியல், பொருளாதாரக் கல்லூரி. நம் பிள்ளைகளுக்கு வணிகப் படிப்பு வேண்டாம் என்று அவர் நினைத்திருந்தால் இந்த இரண்டாவது கல்லூரி வந்திருக்குமா?

இன்று எங்கே, எப்படிப் படிக்கலாம்?

இனி நடைமுறைக்கு வருவோம். கலையையும் வணிகத்தையும் சேர்த்துப் படிக்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி பக்கத்துக் கல்லூரியிலேயே இருக்கிறது. அடையாறு வட்டாரத்தில் டாக்டர் எம்.ஜி.ஆர். ஜானகி மகளிர் கல்லூரி, சற்றுத் தள்ளி நந்தனம் அரசு கலைக் கல்லூரி, அண்ணா சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இந்தப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்தாலும் தமிழும் ஆங்கிலமும் படித்தாக வேண்டும். தன் துறை அல்லாத விருப்பப் பாடமும் உண்டு. வணிகம் படிப்பவர் இதை "சும்மா பாஸ் பண்ணும் பேப்பர்" என்று விடாமல், பொருளியலோ உளவியலோ கிடைத்தால் எடுத்துக் கருத்தாகப் படிக்கலாம். வரலாறு, இலக்கியம் படிப்பவர் வணிகத் துறையின் பாடத்தை எடுக்கலாம்.

இரண்டாவது வழி இரட்டைப் பட்டம். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரே காலத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைப் படிக்கலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நேரில் ஒரு பி.காம்., தொலைநிலைக் கல்வியில் ஒரு பி.ஏ. என்று படிக்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் இதை ஏற்றிருக்கிறதா, தொலைநிலைப் படிப்புக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள்.

மூன்றாவது வழி ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. இந்தூர் ஐ.ஐ.எம். 2011-ல் இதைத் தொடங்கியது. பிளஸ் டூ முடித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். முதல் மூன்று ஆண்டுகளில் கணிதம், பொருளியலோடு இலக்கியம், உளவியல், அரசியல் அறிவியல் போன்ற பாடங்களும் வரும். அடுத்த இரண்டு ஆண்டுகள் மேலாண்மை. முடிவில் பி.ஏ., எம்.பி.ஏ. இரண்டும் கிடைக்கும். மத்திய அரசு நிறுவனம் என்பதால் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமும் பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் இட ஒதுக்கீடு உண்டு. கட்டணம் லட்சக் கணக்கில் வரும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பணத்துக்கு என்ன வழி?

அரசுக் கலைக் கல்லூரிகளில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடங்கள் உண்டு; அதில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு 1 சதவீதம். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை கேட்கலாம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 'புதுமைப் பெண்' திட்டத்திலும், மாணவர்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வெளியூரிலிருந்து சென்னைக்கு வருபவர்களுக்கு சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி போன்ற அரசு விடுதிகள் இருக்கின்றன. ஐ.ஐ.எம். போன்ற அறிவிக்கப்பட்ட நிறுவனங்களில் சேரும் பட்டியல் சாதி மாணவர்களுக்கு முழுக் கல்விக் கட்டணத்தையும் ஏற்கும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று உண்டு. அதற்குக் குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இடங்களுக்கு வரம்பும் உண்டு. ஆகவே உங்கள் படிப்புக்கு அது பொருந்துமா என்று சேரும் முன்பே நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு மூன்றையும் தேர்வு முடிவு வருமுன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்க வேண்டிய உதவித்தொகை ஒரு சான்றிதழ் தாமதமானதால் கைவிட்டுப் போவதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

கையெழுத்துப் போடும் முன்

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். புதுப்புதுப் பெயர்களில் பட்டங்கள் வருகின்றன. பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்று சேர்ந்துவிட்டு, ஆசிரியர் வேலைக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது "இந்தப் பட்டம் பி.காம்.க்கு இணையானது அல்ல" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிற்கக் கூடாது. சேரும் முன் கல்லூரி அலுவலகத்தில் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும்? அதற்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா? நடுவில் நிறுத்த நேர்ந்தால் கையில் என்ன சான்று கிடைக்கும்? கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவருக்குக் கேட்டுச் சொல்ல அண்ணன் அக்கா இல்லை. அவரேதான் கேட்க வேண்டும்.

பட்டத்துக்குப் பிறகு

"படித்து என்ன, கடை வைக்க முதல் எங்கே?" என்ற கேள்வி நியாயமானது. தாட்கோ இருக்கிறது. 2023-ல் தமிழக அரசு அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு; ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கிடைக்கும். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாங்கள் வாங்கும் பொருளிலும் சேவையிலும் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று கொள்முதல் கொள்கை சொல்கிறது. இவற்றைப் பயன்படுத்தத் திட்ட அறிக்கை எழுதத் தெரிய வேண்டும், ஜி.எஸ்.டி. கணக்குத் தெரிய வேண்டும், ஒப்பந்தப்புள்ளியை வரிவரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். அது வணிகப் படிப்பு. வங்கி மேலாளர் காரணம் சொல்லாமல் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும்போது, எந்த விதிப்படி என்று கேட்கவும், மேலே எழுதவும் தெரிய வேண்டும். அது கலைப் படிப்பு தரும் திராணி.

பட்டம் கையில் இருந்தால் சாதி ஒதுங்கிப் போய்விடும் என்று நாம் சொல்லவில்லை. அண்ணலுக்கே அது ஒதுங்கவில்லை. கணக்கு மட்டும் தெரிந்தவர் அந்த நிறுவனம் மூடியதும் ஒடிந்துபோயிருப்பார். ஏன் மூடியது என்று வரலாறும் சமூகமும் படித்து அறிந்தவர் என்பதால்தான், அண்ணல் வகுப்பறைக்குள் போய் அடுத்த தலைமுறைக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தார்.

ஊரூரில் 1894-ல் ஒரு குழந்தை பலகையில் முதல் எழுத்தையும் முதல் எண்ணையும் ஒன்றாகத்தான் எழுதியிருக்கும். 130 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இரண்டில் ஒன்றை விடு என்று யாராவது நம் பிள்ளையிடம் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். விண்ணப்பம் போடும் முன், பிள்ளையை உட்காரவைத்து, உனக்கு எது பிடிக்கும் என்றும் ஒரு முறை கேளுங்கள்.