உங்களுக்குத் தெரியுமா? மூளைக் காயம் ஏற்பட்ட காலம் கண்ணில் தெரியலாம்!

கருவின் 16, 17ஆம் வாரங்களில் பார்வை நரம்பில் ஏறக்குறைய 37 லட்சம் இழைகள் இருக்கும். பிறப்பதற்குள் சுமார் 12 லட்சமே மிஞ்சும். மூளையில் இணை கிடைக்காத இழை மடிந்துவிடும். குறைமாதக் குழந்தையின் மூளையில் நீர் அறைகளை ஒட்டிய வெண்பகுதி சிதைந்தால், அதனூடே செல்லும் பார்வைப் பாதையும் கெடும்; அந்தக் கேடு பின்னோக்கிக் கண்வரை வரும். 2003இல் வெளியான ஸ்வீடன் ஆய்வின்படி, கருவின் 28ஆம் வாரத்துக்கு முன் மூளையில் காயம் பட்ட குழந்தைகளிடம், கண்ணின் உட்புறம் பார்வை நரம்பு தொடங்கும் வட்டத்தட்டே சிறுத்திருந்தது. பின்னர் பட்டவர்களிடம் தட்டின் அளவு சரியாக இருந்தும் நடுக்குழி அகன்றிருந்தது. நியாயம்தான்: தட்டுக்குச் சட்டம் அடித்து முடித்தபின் இழை குறைந்தால் நடுவில்தானே காலியிடம் விழும்?

குழி அகன்றால் அது கண் அழுத்த நோயான கிளாக்கோமா அல்லவா என்று கேட்கலாம். தோற்றம் அப்படித்தான், ஆனால் இங்கே கண் அழுத்தம் ஏறியிருக்காது. இந்த மூளைக் காயத்தால் பார்வையின் கீழ்ப்பாதி மங்கினால், படியிறங்கும்போது குழந்தை தடுமாறும். பிறவியிலேயே தட்டு சிறுத்தவர்களும் உண்டு என்பதால், கண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மூளை ஸ்கேனும் வேண்டும். கண் மருத்துவரிடம் போனால், குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.