போரைக் கண்ட வீட்டில் எந்தப் புத்தகத்தை வாசிப்பது?

"மனசுக்கு ஆறுதலா வாசிக்க ஒரு புத்தகம் சொல்லுங்க" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். பத்திரிகைக்கு எழுதுகிற ஆளுக்குப் புத்தகமும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். நான் இருப்பது கட்டுகஸ்தோட்டையில். கண்டியில் தொடங்கும் ஏ-9 வீதி இங்கே மகாவலியைக் கடந்து, அக்குறணை, மாத்தளை வழியாக வவுனியா, கிளிநொச்சி என்று வடக்கே போகிறது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வெளியேறிய பல மலையகக் குடும்பங்கள் வன்னிக்குப் போய், காடு வெட்டிக் குடியேறின. 2009 வரை வன்னி பட்ட பாடெல்லாம் அவர்களும் பட்டார்கள். அவர்களில் சிலர் உறவுகளைத் தேடி மறுபடியும் மலைநாட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஆகவே இங்கே ஒருவர் ஆறுதலுக்குப் புத்தகம் கேட்டால், அது பொழுதுபோக்குக்கான கேள்வியாக இருக்காது என்பதை மனதில் வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் புத்தகக் கடைக்குள் நுழைந்தால் கண்ணில் முதலில் படுவது சுயமுன்னேற்ற அலமாரி. எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' நெடுங்காலமாக அங்கே இருக்கிறது. மனம் தளர்ந்த இளைஞர்களை எழுப்பி உட்கார வைத்த புத்தகம் அது. அதை நான் குறை சொல்லமாட்டேன். எனக்குப் பிரச்சினை அதன் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும் சில மொழிபெயர்ப்புகளோடுதான். ரோண்டா பைர்ன் 2006இல் எழுதிய 'இரகசியம்' அவற்றில் மிகப் பிரபலமானது. நாம் எதை நினைக்கிறோமோ அதையே வாழ்க்கைக்குள் இழுத்துக்கொள்கிறோம் என்பது அதன் அடிப்படை வாதம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது உற்சாகம் தரலாம். ஷெல் விழுந்து பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது என்ன சொல்கிறது? வன்னியிலிருந்து திரும்பி வந்து இங்கே வாடகை வீட்டில் இருக்கும் ஓர் அம்மா, அந்த மாதிரிப் புத்தகம் ஒன்றைப் பாதியிலேயே என்னிடம் திருப்பித் தந்தார். "இத வாசிச்சா எல்லாம் என்னோட குத்தம்னுதான் படுது" என்றார். அந்த வகை நூல்களைப் பற்றி இதைவிடத் தெளிவான விமர்சனத்தை நான் இதுவரை வாசித்ததில்லை.

போர் கண்ட வீட்டுக்கு முதலில் தேவைப்படுவது, நடந்தது என்ன என்று பெயர் சொல்லும் புத்தகம். அந்த வேலையை நம்மவர்களே செய்திருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் நடந்துகொண்டிருந்த 1993இலேயே 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதினார். பிறகு மருத்துவர் சா. சிவயோகனோடு சேர்ந்து உருவாக்கிய 'தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்' என்ற நூலை யாழ்ப்பாணத்துச் 'சாந்திகம்' உளவளத்துணை நிலையம் 2000இல் வெளியிட்டது.

அவருடைய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் சில விடயங்கள் நமக்கு முக்கியமானவை. தூக்கம் வராமை, திடுக்கிட்டு விழித்தல், சின்னச் சத்தத்துக்கும் பதறுதல் போன்றவை, அசாதாரணமான நிகழ்வுக்கு மனம் காட்டும் சாதாரணமான எதிர்வினைகள். பைத்தியத்தின் அடையாளங்கள் அல்ல. அடுத்தது, நம் மக்கள் கவலையைப் பெரும்பாலும் உடம்பால்தான் பேசுகிறார்கள். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு உளைவு என்று வைத்தியசாலைக்கு ஏறி இறங்கும் அம்மாவுக்கு எல்லாப் பரிசோதனையும் சரியென்று வந்தால், அவர் நடிக்கிறார் என்று அர்த்தமில்லை. இன்னொன்று, நம் சமூகத்தில் பாதிக்கப்படுவது தனி ஆள் மட்டுமல்ல, குடும்பம் முழுவதும், சில வேளை முழு ஊருமே. ஆற்றுப்படுத்தலும் அந்த வழியாகவே வரவேண்டும் என்கிறார் அவர். சைவருக்கு ஜபம், கிறிஸ்தவருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என, கையில் ஏற்கனவே இருக்கும் பழக்கங்களையே பதற்றம் தணிக்கும் பயிற்சியாகப் பரிந்துரைத்தவர். மேற்கத்தேயப் பாடநூலை அப்படியே இறக்கி வைக்காத இந்த அணுகுமுறைதான் அவரை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது.

வெளியிலிருந்து ஒரு புத்தகம் மட்டும் சொல் என்றால், விக்டர் ஃபிராங்கல் 1946இல் வெளியிட்ட நூலைச் சொல்வேன். ஆங்கிலத்தில் மிகப் புகழ்பெற்ற அந்த நூல் தமிழிலும் வந்திருக்கிறது. வியன்னாவைச் சேர்ந்த யூத உளமருத்துவர் அவர். நாசி முகாம்களில் அடைக்கப்பட்டு, தாய், தந்தை, சகோதரன், மனைவி எல்லோரையும் இழந்தவர். முகாமில் இருந்த காலத்தில் மனைவி உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் பனியில் வேலைக்கு நடக்கும்போதெல்லாம் மனதுக்குள் மனைவியோடு பேசிக்கொண்டே போனதாக எழுதுகிறார். விடுதலையாகி வியன்னாவுக்குத் திரும்பிய பின்னர்தான் மனைவி இறந்துபோன செய்தி கிடைத்தது. காணாமல் ஆக்கப்பட்ட கணவனின் உடுப்பை இன்னும் தோய்த்து மடித்து வைக்கும் பெண்ணுக்கு இந்தப் பக்கங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஃபிராங்கலையும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். 'துன்பத்தில் அர்த்தம் தேடு' என்று மேடையில் முழங்குபவர்கள் அதை ஒரு கட்டளையாக்கிவிட்டார்கள். அவரோ, தப்பிப் பிழைத்தவர்கள் உயர்ந்தவர்கள் என்று எங்கும் சொல்லவில்லை. நல்லவர்களில் பலர் திரும்பி வரவில்லை என்றே ஒப்புக்கொள்கிறார்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும்: அமெரிக்கக் குடும்பவியல் அறிஞர் பாலின் பாஸ். வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை ஆய்வு செய்யத் தொடங்கியவர். 1999இல் வந்த அவருடைய நூல், முடிவு தெரியாத இழப்பைப் பற்றியது. ஆள் வீட்டில் இல்லை, ஆனால் மனதில் இருக்கிறார். சடலம் இல்லை, சடங்கும் இல்லை. இந்த நிலையில் உறைந்து நிற்பது அந்தக் குடும்பத்தின் பலவீனமல்ல, இழப்பின் தன்மையே அது என்கிறார் பாஸ். 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்ற இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொண்டு வாழப் பழகலாமே தவிர, 'முடிச்சுப் போட்டுவிடு' என்று வெளியாள் வற்புறுத்தக்கூடாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டத்தைப் பார்த்து, "இன்னும் எத்தனை வருசத்துக்கு?" என்று கேட்கும் உறவினர்கள் முதலில் வாசிக்க வேண்டியது இதைத்தான். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளை இருந்தால் ஓர் அத்தியாயத்தை வாசித்துச் சொல்லச் சொல்லலாம்.

இனி நாவல்களும் வாழ்க்கைச் சரிதைகளும். சயந்தனின் 'ஆதிரை' (2015) பெரிய நாவல். மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்களின் கதையும் அதில் இருப்பதால், எங்கள் பக்கத்தில் அதை வாசிப்பவர்களுக்கு அது சொந்தக்காரரின் கதையாகிவிடுகிறது. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' இறுதி மாதங்களின் இடப்பெயர்வைச் சொல்வது. அடுப்பு, தண்ணீர், பிள்ளைகளின் பசி என்று ஒரு வீட்டின் கண்ணால் போரைப் பார்க்கிறது. தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்', அவர் 2015 ஒக்டோபரில் புற்றுநோயால் இறந்த பின்னர் 2016இல் வெளிவந்தது. அதன் அரசியலைப் பற்றிக் கடும் வாதங்கள் நடந்தன, இன்னும் நடக்கலாம். ஆனால் சிறையும் நோயும் கண்ட ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே விசாரணை செய்வது என்ற அளவில், சுயமுன்னேற்ற அலமாரியில் 'ஆளுமை வளர்ச்சி' என்று விற்கப்படும் எதையும்விட எனக்கு அது பெரிதாகப் படுகிறது. போர் வேண்டாம், குடும்பக் கதை போதும் என்பவர்களுக்குக் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யைக் கொடுக்கலாம். 1964இல் வந்த தோட்டத்துப் பெண்ணின் கதை அது.

இவற்றை எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் கொடுக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். மனவடுவைப் பற்றி 1992இல் எழுதிய ஜூடித் ஹெர்மன், குணமாவதில் முதற்கட்டம் பாதுகாப்பு என்கிறார். நினைவுகூர்தலும் துக்கமும் அதற்குப் பிறகுதான். குடிகாரக் கணவனின் அடிக்குப் பயந்து இருக்கும் பெண்ணுக்கும், நாளைய அரிசிக்கு வழியில்லாதவருக்கும் முள்ளிவாய்க்கால் நாவல் மருந்தாகாது. வாசிக்கும்போது நெஞ்சு இறுகினால், பழைய சத்தங்கள் காதில் கேட்கத் தொடங்கினால், புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். இரவில் தனியே வாசிப்பதைத் தவிருங்கள். தூக்கமின்மையும் வாழ்வில் வெறுப்பும் வாரக்கணக்கில் நீடித்தால், அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போக வேண்டும். தேசிய உளநல உதவி இலக்கமான 1926க்குத் தொலைபேசியில் பேசலாம்.

வாசிக்கப் பிடிக்காதவர்கள் எழுதிப் பார்க்கலாம். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தங்கள் மனக்காயங்களைப் பற்றித் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார். அவர்களில், நடந்ததோடு தாங்கள் உணர்ந்ததையும் எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள். எழுதியதை ஒருவரிடமும் காட்ட வேண்டியதில்லை, கிழித்தும் போடலாம்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? தமிழ்நாட்டுப் பதிப்புகளின் விலை இங்கே பல குடும்பங்களுக்குக் கட்டுபடியாவதில்லை. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஏராளமான ஈழத்து, மலையக நூல்களைக் கைபேசியிலேயே இலவசமாக வாசிக்கலாம். கண்டி நகரத்தில் டி.எஸ். சேனநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் இருக்கிறது. கண் மங்கிய பெரியவர்கள் உள்ள வீடுகளில் பேரப்பிள்ளை ஒருவர் தினமும் நாலு பக்கம் சத்தமாக வாசித்தால் போதும். அப்படி வாசிக்கும்போது பாட்டி நடுவில் மறித்து, "எங்களுக்கு அப்படி இல்ல, வேற மாதிரி" என்று தொடங்கினால், பிள்ளை புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேட்கலாம்.