பெரிய கடிகாரமும் சிறிய நாணயமும்

இலண்டன் மாநகரில், பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தின் கோபுரத்தில் ஒரு பெரிய கடிகாரம் உள்ளது. ‘பிக் பென்’ என்று உலகமே அதை அழைக்கிறது. உண்மையில் அது கோபுரத்தினுள் தொங்கும் பெரிய மணியின் பெயர். 1859ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய இக்கடிகாரத்தின் ஊசல் 4.4 மீட்டர் நீளமும் 310 கிலோகிராம் நிறையும் உடையது. கடிகாரம் சற்றே பின்தங்கினால் அதைப் பராமரிப்போர் ஊசலை நிறுத்துவதில்லை. குண்டுக்கு மேலே, தண்டில் அமைந்துள்ள ஒரு தாங்கியின்மேல் ஒரு பழைய பென்னி நாணயத்தை வைத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 9.4 கிராம் நிறையுள்ள அந்த வெண்கலக்காசு, கடிகாரத்தை நாளொன்றுக்கு 0.4 வினாடி முந்தச் செய்கிறது! கடிகாரம் முந்தினால் ஒரு காசை எடுத்துவிட்டால் போதும்.

இதை வகுப்பில் கூறியவுடன் மாணவர்கள் மறுப்பு எழுப்புவார்கள். “ஊசலின் அலைவு நேரம் குண்டின் நிறையைப் பொறுத்ததன்று என்று பாடநூலில் இருக்கிறதே, காசு வைத்தால் எப்படி மாறும்?” நியாயமான கேள்விதான். பாடநூலும் தவறில்லை, பென்னியும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் எங்கே சிக்கல்?

பாடநூல் கூறுவது தனி ஊசலைப் பற்றி. அதில் நிறை முழுவதும் நூலின் முனையில் ஒரே புள்ளியில் இருப்பதாகக் கொள்கிறோம். நிறையை இரு மடங்காக்கினால் அதை இழுக்கும் புவியீர்ப்பு விசையும் இரு மடங்காகிறது. அதை அசைப்பதற்கான கடினமும் இரு மடங்காகிறது. ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுவதால் அலைவு நேரம் மாறுவதில்லை. ஆனால், கூட்டிய நிறையும் அதே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் மறைந்திருக்கிறது. நாம் மறந்துவிடுவது இதைத்தான்.

உண்மையான ஊசலில் நிறை பல இடங்களில் பரவியிருக்கிறது. அதை, வெவ்வேறு நீளமுள்ள பல தனி ஊசல்களை ஒன்றாகக் கட்டியதுபோல எண்ணிப் பாருங்கள். 25 செ.மீ. நீளமுள்ள தனி ஊசல் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 1 வினாடி ஆகும். 1 மீட்டர் ஊசலுக்கு 2 வினாடி. ஆகவே மேலே உள்ள துகள்கள் விரைந்து ஆட முயலும். கீழே உள்ளவை மெதுவாகவே ஆடும். ஒரே தண்டில் பிணைக்கப்பட்டிருப்பதால் இரண்டும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தாக வேண்டும். இரண்டுக்கும் இடையில், தனியாக விடப்பட்டாலும் இதே நேரத்தில் ஆடக்கூடிய ஒரு புள்ளி இருக்கும். அதுவே அலைவு மையம். டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1673ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதை விளக்கியுள்ளார். இலண்டன் ஊசல் ஒருமுறை போய்வர 4 வினாடி ஆகிறது. அது 3.98 மீட்டர் தனி ஊசலின் அலைவு நேரம். எனவே ஊசலின் நீளம் 4.4 மீட்டராயினும் அதன் அலைவு மையம் தொங்கு புள்ளியிலிருந்து 3.98 மீட்டர் கீழே உள்ளது.

இனிப் புதிர் எளிதாக அவிழும். காசு வைக்கும் இடம் அலைவு மையத்திற்கு மேலே உள்ளது. அங்குள்ள நிறை விரைந்து ஆடும் கட்சியைச் சேர்ந்தது. ஆகவே ஊசல் சற்று விரைகிறது. அலைவு மையத்திலேயே வைத்தால் மாற்றம் இராது. அதற்கும் கீழே வைத்தால் ஊசல் மெதுவாகும். தொங்கு புள்ளியை ஒட்டி வைத்தாலும் பயனில்லை. அங்குள்ள நிறை அசைவதே இல்லை. சிறு நிறை ஒன்று மிகுந்த பலனைத் தருவது இவ்விரண்டுக்கும் நடுவில்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு மீட்டர் மர அளவுகோலின் நுனியில் துளையிட்டு, ஓர் ஆணியில் தடையின்றி ஆடுமாறு தொங்கவிடுங்கள். சிறிதளவே விலக்கி ஆடவிட்டால் 20 அலைவுகளுக்கு ஏறக்குறைய 32.8 வினாடி ஆகும். இப்போது அளவுகோலின் நிறைக்குச் சமமான களிமண்ணை உருட்டி, ஆணியிலிருந்து 33 செ.மீ. தொலைவில் ஒட்டுங்கள். நேரம் 29.3 வினாடியாகக் குறையும். அதே களிமண்ணைக் கீழ் நுனிக்கு மாற்றினால் 37.8 வினாடியாகக் கூடும். 67 செ.மீ.-இல் ஒட்டினாலோ பழைய 32.8 வினாடியே! அதுதான் அளவுகோலின் அலைவு மையம். மூன்று முறையும் களிமண் ஒன்றே. மாறியது இடம் மட்டுமே.

ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடும் சிறுமி எழுந்து நின்றால் ஊஞ்சல் விரைந்து ஆடுவதும் இதனால்தான். அவள் எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. உடலின் நிறை மேலே நகர்ந்துவிட்டது. அடுத்த முறை ‘அலைவு நேரம் நிறையைப் பொறுத்ததன்று’ என்று எழுதும்போது, ‘நிறை எங்கே இருக்கிறது?’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். ஊசலுக்கு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதே முக்கியம்.