உங்களுக்குத் தெரியுமா? தோட்டத்துக்கு வந்த வானொலி

1946 ஏப்ரல் 1-இல் பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கிய மலாயா வானொலி, ஆங்கிலம், மலாய், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஒலிபரப்பியது. 1948-இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், பொதுவிடத்தில் வைத்த ஒரே பெட்டியைப் பலரும் கூடிக் கேட்கும் ‘சமூகக் கேட்பு’ ஏற்பாட்டின்படி, தோட்டங்களுக்கும், மக்களை மறுகுடியமர்த்திய புதுக்கிராமங்களுக்கும் அரசு வானொலிப் பெட்டிகளை வழங்கியது. அதன் நோக்கம் பிரச்சாரமே எனினும், கூட்டத்தைச் சேர்த்தது பாட்டாகத்தான் இருக்க வேண்டும். 1929-இல் நிறுவப்பட்ட போ தோட்டம் முதலாகத் தமிழர் கொழுந்து பறித்த கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை, வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலைக்கு மலைமுகடுகள் பெருந்தடையல்ல. அக்காலப் பெட்டியைத் திருகியவுடன் குரல் வந்துவிடாது. உள்ளிருக்கும் வால்வுகள், அதாவது சூடேறினாலன்றி இயங்காத கண்ணாடிக் குழல்கள், செம்மஞ்சளாய் ஒளிரும்வரை கேட்போர் காத்திருக்க வேண்டியிருந்தது. மலாயா வானொலியின் அந்தத் தமிழ்ப் பிரிவே மலேசியாவின் இன்றைய மின்னல் பண்பலை.