காரம் தின்றால் மூக்கு ஏன் ஒழுகுகிறது?

சளி பிடித்து மூக்கடைத்திருக்கும்போது சூடான மிளகு ரசம் குடித்திருக்கிறீர்களா? இரண்டு மடக்கு உள்ளே போனதுமே மூக்கில் நீர் வடியும், கண் கலங்கும். மிளகு பட்டது நாக்கில். மூக்கு ஏன் ஒழுக வேண்டும்?

அறுசுவையில் காரத்தையும் சேர்த்துச் சொல்கிறோம். ஆனால் நாக்கின் சுவைமொட்டுகளுக்குக் காரம் தெரியாது. அதை உணர்வது முக்கிளை நரம்பு. கண், மூக்கு, வாய் எல்லாவற்றுக்கும் கிளை விட்டிருக்கும் நரம்பு இது. இதன் நுனிகளில் சூட்டை அறியும் நுண்ணிய வாயில்கள் உண்டு. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால் அவை திறந்து, 'சுடுகிறது!' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும்.

மிளகாயில் உள்ள கேப்சைசினும் மிளகில் உள்ள பிப்பெரினும் சூடே இல்லாமல் அதே வாயில்களைத் திறந்துவிடும். 1997இல் இந்த வாயிலைக் கண்டறிந்தவர் அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ். 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரில் அவரும் ஒருவர்.

சுடுகிறது என்று நம்பிய உடல், எரிச்சல் தரும் பொருளைக் கழுவித் தள்ளப் பார்க்கிறது. மூக்கின் சுரப்பிகள் நீரைச் சுரக்கின்றன. கெட்டிச் சளி இளகி நகர்கிறது. ரசத்தின் ஆவியும் இதமாக இருக்கிறது.

அப்படியென்றால் சளி குணமாகிவிட்டதா? இல்லை. மூக்கடைப்புக்குச் சளி மட்டும் காரணமல்ல. மூக்கின் உட்சவ்வில் இரத்தக் குழாய்கள் வீங்குவதும் காரணம். மூக்கைச் சுற்றி நான்கு இணை சைனஸ் அறைகள் உள்ளன. அவற்றின் குறுகிய வழிகளும் வீக்கத்தால் அடைபட்டால் முகம் கனக்கும். காரம் அந்த வீக்கத்துக்கு மருந்தல்ல. சளி தரும் வைரஸையும் கொல்லாது. கிடைப்பது சிறிது நேர ஆறுதல். சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே சரியாகும். அதற்கு மேலும் நீடித்தாலோ, கடும் காய்ச்சலோ முகவலியோ இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மிளகுத்தூளை ஒருபோதும் மூக்கில் இடாதீர்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்: கடுகின் காரமும் மூக்கை எட்டும். ஆனால் முழுக் கடுகை முகர்ந்தால் நெடி இராது. பெரியவர்கள் துணையோடு அதை நசுக்கி, சில சொட்டு நீர் விட்டு, சில நிமிடம் கழித்துத் தள்ளி நின்று முகருங்கள். நசுக்கும்போதுதான் கடுகினுள் தனித்தனியாக இருந்த பொருள்கள் கலந்து, காரமான ஆவி உண்டாகிறது.