ஓலைச்சுவடிப் பாதுகாப்பில் அறிவியல் முறைகளும் மூலபாடச் சான்றுகளும்

ஆய்வுச்சுருக்கம்

ஓலைச்சுவடி அழியும் இயல்புடையது. அவ்வழிவைத் தமிழ்ச் சுவடி மரபு படியெடுத்தல் வழியே ஈடுசெய்து வந்தது. அச்சு பரவியபின் படியெடுக்கும் வழக்கம் நின்றமையால், இன்று எஞ்சியுள்ள சுவடிகள் பெரும்பாலும் தத்தம் வழிமரபின் கடைசிப் படிகளாக உள்ளன. தூய்மை செய்தல், பூச்சியகற்றல், மையூட்டல், ஒளிப்படமாக்கல் ஆகிய பாதுகாப்பு முறைகள் செயற்படும் விதத்தை விளக்கும் இக்கட்டுரை, அவற்றுள் சில மூலபாட ஆய்வுக்குரிய சான்றுகளை மறைத்துவிடவும் கூடும் என்பதைச் சுட்டி, பதிவு செய்த பின்னரே செப்பனிடல் என்னும் வரிசைமுறையை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: ஓலைச்சுவடி, மூலபாட ஆய்வு, மையூட்டல், பன்னிறமாலைப் படமாக்கம், கரிமக் காலக்கணிப்பு.

முன்னுரை

சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் வெளியிட்ட கலித்தொகையின் பதிப்புரையில், தமக்குக் கிடைத்த ஏடுகள் கையாளும்போதே சிதைந்த நிலையை வருத்தத்துடன் பதிவுசெய்துள்ளார். அதே ஆண்டில் உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. அக்காலப் பதிப்பாசிரியர்களுக்கு நூலைக் காத்தல் என்பது அதனை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுசெல்வதாகவே இருந்தது. அப்பணி நிகழாதிருப்பின் பல நூல்கள் இன்று கிடைத்திரா.

ஆயினும் அச்சேற்றம் மற்றொரு விளைவையும் உடன்கொண்டு வந்தது. ஓலையின் வாழ்நாள் சில நூற்றாண்டுகளே. சங்க நூல்கள் இன்றுவரை வந்து சேர்ந்தமைக்கு ஓலையின் வலிமை காரணமன்று. பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் எழுதிவைத்த தலைமுறைகளின் உழைப்பே காரணம். அச்சு நூல் கைக்கு வந்தபின் அவ்வுழைப்பு தேவையற்றதாயிற்று. எனவே இன்று நூலகங்களில் உள்ள ஏடு சிதைந்தால் அதனிடத்தை நிரப்ப வேறோர் ஏடு எழுதப்படப் போவதில்லை. முன்பு படியெடுப்போர் ஆற்றிய பணியை இன்று பாதுகாப்பு அறிவியல் ஏற்றுள்ளது. அப்பொறுப்பை அது எவ்வாறு ஆற்றுகிறது என்பதைத் தமிழாய்வாளர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

ஓலையின் இயல்பும் சிதைவும்

தமிழகத்தில் நாட்டுப்பனை, கூந்தற்பனை ஆகியவற்றின் ஓலைகள் எழுதப் பயன்பட்டன. முன்னது தடித்தும் விறைத்தும் இருக்கும். பின்னது மெல்லியதாய், அகன்று, எளிதில் வளையும். இரண்டும் செல்லுலோசு, லிக்னின் முதலியவற்றாலான இழைகளைக் கொண்டவை. காற்றின் ஈரத்தை உள்வாங்கும்போது ஓலை விரிகிறது; வறட்சியில் சுருங்குகிறது. இம்மாற்றம் தொடர்ந்து நிகழ்கையில் இழைகளின் பிணைப்புத் தளர்ந்து, ஓலை நீளவாக்கில் பிளக்கிறது. ஒளியும் ஆக்சிசனும் லிக்னினைச் சிதைப்பதால் ஓலை நிறம் மாறி நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைக் கடந்து நீடிப்பின் பூஞ்சை தோன்றும் வாய்ப்பு மிகுகிறது.

பூச்சிகளுள் சிறுவண்டுகளின் புழுக்கள் பெருங்கேடு விளைப்பன. இவை கட்டினுள் ஏடு ஏடாகத் துளைத்துச் செல்கின்றன. இத்துளைகளுக்கு ஆய்வுப் பயனும் உண்டு. அடுத்தடுத்த ஏடுகளில் துளையின் இடமும் வடிவும் ஒத்திருப்பதால், ஏட்டெண் சிதைந்து வரிசை மாறிய ஏடுகளை மீண்டும் ஒழுங்குபடுத்த அவை துணைபுரிகின்றன. சிதைவும் சான்றாகும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மரபுமுறைகளின் அறிவியல் அடிப்படை

எழுத்தாணி ஓலையின் மேற்பரப்பைக் கீறுகிறது. அக்கீறலில் விளக்குக்கரியும் கோவையிலை, ஊமத்தையிலை முதலியவற்றின் சாறும் கலந்து தடவி எழுத்தைத் தெளிவாக்குவர். கரி ஒளியால் மங்குவதில்லை. எளிதில் வேதிமாற்றம் அடைவதுமில்லை. மை உதிர்ந்தாலும் கீறல் எஞ்சுவதால் எழுத்து முற்றும் அழிவதில்லை. மேலும் கீழும் சட்டமிட்டு இறுகக் கட்டுவதால் ஓலை நெளிவதும் ஒளிபடுவதும் குறைகின்றன. கட்டுடன் வைக்கப்படும் வசம்பின் எண்ணெயில் உள்ள ஆசரோன் என்னும் பொருள் பூச்சிகளின் இனப்பெருக்கத்தைத் தடுக்க வல்லது. இம்முறைகள் ஏட்டைத் தொடர்ந்து எடுத்துப் படிக்கும் சூழலில் தோன்றியவை. ஆண்டுக்கணக்கில் எவரும் அவிழ்க்காத கட்டுகளுக்கு இவை மட்டும் போதா.

இக்காலப் பாதுகாப்பு முறைகள்

தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால் நூலகம் முதலிய நிறுவனங்கள் சுவடிகளைத் தொகுத்துக் காத்து வருகின்றன. 2003இல் நடுவணரசு தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கம் பாதுகாப்பையும் மின்னாக்கத்தையும் நாடு தழுவிய பணியாக்கியது.

நடைமுறையில் மென்தூரிகையால் தூசி அகற்றுதல் முதற்படி. படிந்த அழுக்கை ஆல்ககாலும் நீரும் கலந்த கரைசலால் துடைப்பதுண்டு. கரி கரையாதெனினும் அதனைப் பிணைத்துள்ள பொருள் நெகிழக்கூடுமாதலால், எழுத்தில்லாத ஓரத்திலும் மையுள்ள சிறு பகுதியிலும் முன்சோதனை செய்தல் வேண்டும். எலுமிச்சைப்புல் எண்ணெய் ஓலைக்கு நெகிழ்வு தருகிறது, பூச்சிகளையும் விலக்குகிறது. ஆனால் அது ஆவியாகும் எண்ணெய். அதன் பயன் நிலையானதன்று. மீண்டும் மீண்டும் தடவுவதால் ஓலை கருமையடையவும் தூசி ஒட்டவும் வாய்ப்புண்டு. ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்க, ஈரப்பதத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தும் முறை கையாளப்படுகிறது.

பூச்சியகற்றத்திற்கு நச்சுப்புகையிடல் நெடுங்காலம் பயன்பட்டது. கட்டுகளைக் காற்றுப் புகாத உறையிலிட்டு, காற்றை நைட்ரசனால் மாற்றி, ஆக்சிசனை ஒரு விழுக்காட்டிற்கும் குறைவாகச் சில வாரங்கள் வைத்திருக்கும் முறை இதற்கு மாற்றாக அமைகிறது. இதில் ஓலையின்மீது வேதிப்பொருள் எஞ்சுவதில்லை. எனினும் பூஞ்சை வித்துகள் இதனால் அழியா. அவற்றுக்கு ஈரப்பதக் கட்டுப்பாடே தீர்வாகும்.

மையூட்டலும் மூலபாடச் சான்றும்

மங்கிய ஏட்டுக்கு மீண்டும் மையூட்டுதல் படிப்பதற்குப் பெருந்துணையாகும். எனினும் மூலபாட ஆய்வாளர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய செயலும் இதுவே. கீறல் எதுவாயினும் மை அதில் நிறையும். எழுத்தாணியின் கோட்டையும் பிளவையும் பூச்சியரிப்பையும் அது வேறுபடுத்தாது. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை; எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படுவதில்லை. புள்ளி அரிதாகவே காணப்படும் சூழலில், மை நிறைந்த ஒரு நுண்துளை புள்ளியாகக் கொள்ளப்பட்டால் பாடமே மாறும்.

இரண்டாவதாக, ஒரே ஏட்டில் மையேறிய எழுத்துகளும் மையேறாத எழுத்துகளும் இருப்பதுண்டு. மையேறாதவை, முதல் மையூட்டலுக்குப் பின் படித்தவர் செய்த திருத்தமாகவோ சேர்த்த குறிப்பாகவோ இருக்கலாம். ஏடு முழுவதும் மையூட்டப்பட்டபின் இவ்வேறுபாடு மறைகிறது. ஏடெழுதியவரின் பாடம் எது, பின்வந்தவரின் திருத்தம் எது என்னும் வினாவுக்கு ஏடு தந்திருக்கக்கூடிய விடை அத்துடன் இழக்கப்படுகிறது.

ஓரங்களை ஒழுங்குபடுத்த நறுக்குவதும் இத்தகையதே. எடுத்துக்காட்டாக, ஒரு கட்டின் முழு ஏடுகளில் ஒரு சென்டிமீட்டருக்குச் சராசரியாக 3 எழுத்துகள் அமைந்துள்ளன எனக் கொள்வோம். முறிந்த ஏட்டில் கயிற்றுத் துளையிலிருந்து ஓரம்வரை அளந்து, 2 சென்டிமீட்டர் குறைவதாகக் கண்டால், வரிதோறும் ஏறத்தாழ 6 எழுத்துகள் மறைந்துள்ளன எனலாம். யாப்பு வழியே கணிக்கும் சீர்களின் அளவும் இதனோடு ஒத்துவரின் ஊகப்பாடம் வலுப்பெறும். முழு ஏடுகளின் ஓரமும் நறுக்கப்பட்டிருப்பின் இவ்வொப்பீட்டிற்கு அடிப்படையே இல்லாமற்போகும்.

ஒளிப்படமும் காலக்கணிப்பும்

மையூட்டாமலேயே படிக்கும் வழியை ஒளியியல் தருகிறது. ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விழும் சாய்வொளியில் கீறலின் நிழல் எழுத்தைக் காட்டும். பல கோணங்களில் ஒளியிட்டு எடுத்த படங்களை இணைத்தால் மேற்பரப்பின் மேடுபள்ளங்களைக் கணினியில் ஆராயலாம். பின்புறமிருந்து செலுத்தும் ஊடொளியில் துளை வெளிச்சமாகத் தெரிவதால், அதனைப் புள்ளியிலிருந்து பெரும்பாலும் பிரித்தறியலாம். பன்னிறமாலைப் படமாக்கத்தில் அகச்சிவப்புக் கதிரைக் கரி உறிஞ்சுகிறது. ஓலையும் பல கறைகளும் எதிரொளிக்கின்றன. எனவே கறைக்குள் மறைந்த மையெழுத்தும் புலனாகும். இவ்வேறுபாடுகளைக் காட்டாத ஒற்றை ஒளிப்படம், சுவடிக்கு முழு மாற்றாகாது.

காலத்தை அறிவதில் அறிவியலுக்குச் சுவடியியலின் துணை தேவைப்படுகிறது. ஏறத்தாழ 1650க்குப் பிற்பட்ட பொருள்களுக்குக் கரிமம்-14 அளவீடு ஒன்றுக்கு மேற்பட்ட கால இடைவெளிகளைத் தருகிறது. எஞ்சியுள்ள சுவடிகளுள் பல இக்காலப் பகுதியினவே. மறுபுறம், ஏட்டின் இறுதிக் குறிப்பிலுள்ள ஆண்டுப்பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருவது. கொல்லம் ஆண்டு குறிக்கப்பட்டிருப்பின் ஐயமில்லை. இல்லையெனில் கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவற்றை வானியல் கணக்கோடு பொருத்திப் பார்த்து, ஆய்வகம் தந்த இடைவெளிகளுள் பொருந்துவதைத் தேர்தல் வேண்டும்.

முடிவுரை

பாதுகாப்பு அறிவியலும் மூலபாட ஆய்வும் அடுத்தடுத்து நிகழும் தனிப்பணிகள் அல்ல. எது அழுக்கு, எது சான்று என்பதைச் சுவடியைப் படிக்கத் தெரிந்தவரே கூற இயலும். சான்று எஞ்சும்வண்ணம் அழுக்கை நீக்கும் வழியை வேதியியலறிந்தவரே கூற இயலும். எனவே ஏட்டின் அளவு, துளைகள், மையேறிய நிலை, திருத்தங்கள் ஆகியவற்றை முதலில் பதிவுசெய்தல், சாய்வொளியிலும் ஊடொளியிலும் படமெடுத்தல், முன்சோதனைக்குப் பின் தேவையான அளவே செப்பனிடல், செய்தவற்றை ஏட்டின் விவரக்குறிப்பில் சேர்த்தல் என்னும் வரிசை பின்பற்றத்தக்கது. பதிப்பாசிரியரும் தாம் ஒப்புநோக்கிய ஏடு மையூட்டப்பட்டதா, நறுக்கப்பட்டதா என்பதைப் பாடவேறுபாட்டுக் குறிப்புடன் தருதல் வேண்டும். படியெடுத்தோர் தவறிய இடத்தில் வேறொரு படியைக் கொண்டு திருத்த முடிந்தது. கடைசிப் படியாக எஞ்சிய ஏட்டில் நேரும் தவற்றுக்கு அவ்வாய்ப்பு இல்லை.